ஆறு கொடுத்த விலை



உலகச் சந்தையில் ஒரு பொருள் மலிவாகக் கிடைக்கிறதென்றால், அதன் விலையில் ஒரு பங்கை வாங்குவோருக்காக வேறெவரோ கொடுத்திருக்கின்றனர் என்றே கொள்ள வேண்டும். பாலாறே இதற்குச் சான்று.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் பதப்படுத்துவது முந்தைய வழக்கம். பின்னர்க் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்தது. செல்வ நாடுகள் தம் மண்ணில் சுற்றுச்சூழல் சட்டங்களைக் கடுமையாக்கியபோது, கழிவு மிகுந்த இவ்வேலை ஏழை நாடுகளை நோக்கி நகர்ந்தது. அயல்நாட்டுச் செலாவணி வேண்டிய இந்தியாவும் அதனை வரவேற்றது. காலணிகள் கப்பலேறின, உப்பும் குரோமியமும் ஆற்றுப்படுகையில் தங்கின.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதையும் அத்தீர்ப்பு எடுத்துரைக்கிறது. திண்டுக்கல் பகுதியில் 13 ஊர்களில் ஆய்வுசெய்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்க' என்னும் நெறியை நீதிமன்றம் நாட்டின் சட்டமாக ஏற்றது.

ஆயினும், அந்நெறி ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. குறைந்த விலைக்குக் கொள்முதல் செய்த அயல்நாட்டு வணிகரை அது எட்டவில்லை. சுத்திகரிப்புச் செலவை விலையில் சேர்த்தால் வாங்குவோர் வேறு நாட்டுக்குச் செல்வர் என்பதே ஆலை உரிமையாளரின் அச்சம். அவ்வச்சம் வீணன்று. வங்கதேசத்தின் டாக்கா நகரில் அசாரிபாக் ஆலைகளின் கழிவு பல்லாண்டுகள் புரிகங்கை ஆற்றில் கலந்தது. 2017இல்தான் அவ்வாலைகள் சாவருக்கு மாற்றப்பட்டன. ஏழை நாடுகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுத் தத்தம் ஆறுகளை மலிவாக விற்கின்றன.

வாங்குவோர் மனம் வைத்தால் மாற்றம் விரைந்து நிகழும். பென்டாகுளோரோஃபீனால் என்னும் பூஞ்சைக்கொல்லியைச் செருமனி 1989இல் தடைசெய்தது. தமிழகத்து ஆலைகள் விரைவிலேயே மாற்று மருந்துக்கு மாறின. செருமானியர் காலில் படும் தோலைச் சோதித்த அச்சட்டம், பாலாற்று உழவர் பருகும் நீரைச் சோதிக்கவில்லை.

தோற்பொருளை விலக்கிய இல்லங்களும் இதனின்று விலகி நிற்க இயலாது. திருப்பூர்ப் பின்னலாடைக்காக நொய்யலாறு கொடுத்த விலையும் இத்தகையதே.

கொடாததைக் கொள்ளுதல் களவு என்பது அறநூல் துணிபு. பாலாறு தன் நீரை எவருக்கும் விற்கவில்லை. உழவரும் தம் கிணற்றைக் கொடுக்க இசையவில்லை. ஆகவே, சுத்திகரிப்புச் செலவைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே விலையாகச் சேர்க்க வேண்டுமென்பது அறத்தின் கோரிக்கை. ஏற்றுமதித் தொழிலிலும் அயல்நாட்டு நிறுவனங்களிலும் பணிபுரியும் இளைஞர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேட்பார்களாக: இவ்விலையில் ஆற்றின் பங்கு எங்கே?