அருந்ததி பார்க்க மொட்டை மாடிக்கு வாருங்கள்

(நம் சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிய செயலாளருக்கு நன்றி.

முதலில் ஒரு கேள்வி. கல்யாணத்தில் அருந்ததி பார்த்தவர்கள் கை தூக்குங்கள். நிறைய பேர் இருக்கிறீர்கள். உண்மையாகவே பார்த்தவர்கள்? பாருங்கள், எல்லாக் கையும் இறங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்தில் காலை ஒன்பதரை மணிக்கு மண்டபத்து வாசலில் நிறுத்தி, வெயிலைக் காட்டி, "தெரிகிறதா?" என்றார் சாஸ்திரிகள். "தெரிகிறது" என்றோம். நாங்கள் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அதுதான் என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

அந்தப் பாக்கியை நம் மாடியிலேயே தீர்த்துக்கொள்ளலாம். மே மாத நடுவில் இரவு பத்து மணிக்கு வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம் நல்ல உயரத்தில் இருக்கும். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி. தாம்பரம் வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குப் பிடிபடாவிட்டாலும் சாதாரண பைனாகுலரில் பளிச்சென்று தெரியும். சின்ன டெலஸ்கோப் வைத்தால் வசிஷ்டரே இரண்டாகப் பிரிவார். அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை, அருந்ததியும் இரட்டை என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஆக மொத்தம் ஆறு பேர். ஜோடி என்று நாம் கும்பிட்டது ஒரு கூட்டுக் குடும்பத்தை.

அதே பத்து மணிக்கு அங்கிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே ஒரு கோடு இழுங்கள். முதலில் வருவது சித்திரை நட்சத்திரம். அந்த மாதப் பெயருக்குக் காரணமானவள். இன்னும் கீழே, கையை நீட்டி முஷ்டி பிடித்தால் தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டி உயரத்தில், பைனாகுலரில் பஞ்சுப் பொட்டு மாதிரி ஒன்று. அதுதான் ஒமேகா செண்டாரி. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்களின் கூட்டம், சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில். லண்டனில் இருப்பவர் ஆயுள் முழுக்கத் தவமிருந்தாலும் அவர் ஊர் வானத்தில் இது ஏறாது. எட்மண்ட் ஹாலி 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய்த்தான் இதைக் குறித்துக்கொண்டார். நமக்குப் படியேறினால் போதும். பூமத்திய ரேகையிலிருந்து 13 டிகிரியில் இருக்கிறோம், வடக்கும் தெரியும், தெற்கும் தெரியும். ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் இதை ஏனோ யாரும் போடுவதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பதினொரு மணி வாக்கில், தெற்கே ஒன்றரை முஷ்டி உயரத்தில் ஆல்ஃபா செண்டாரி வந்து நிற்கும். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் குடும்பம், நாலேகால் ஒளியாண்டுக்குச் சற்று அதிகம். இது ஒற்றையல்ல, இரட்டை என்று முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? ஈ.சி.ஆர். பிடித்தால் மூன்று மணி நேரத்தில் போய்விடும் பாண்டிச்சேரியில். சயாமிலிருந்து வந்து சேர்ந்த ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக இதைக் கண்டார். அந்த இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 80 வருடம் ஆகிறது. 2016 வாக்கில் நெருங்கியிருந்தவை இப்போது விலகி வருவதால், சின்ன டெலஸ்கோப்பிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

நுங்கம்பாக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-இலிருந்து மெட்ராஸ் அப்சர்வேட்டரி இயங்கியது. அதன் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூச்சி என்ற இரட்டை நட்சத்திரத்தை அளந்து அளந்து, கணக்கு இடிக்கிறதே, அங்கே கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்கலாம் என்று 1855-இல் எழுதினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. இருக்கட்டுமே. வேறொரு சூரியனுக்குக் கோள் உண்டு என்று அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன ஆரம்ப காலக் குரல்களில் ஒன்று நம் ஊரிலிருந்து போயிருக்கிறது.

ஏன் இரட்டை நட்சத்திரமாகவே பேசுகிறேன் என்று கேட்கலாம். நம் வெளிச்சத்தைத் தாங்குவது அவைதான். நட்சத்திரம் ஒரு புள்ளி. டெலஸ்கோப்பில் பெரிதாக்கினால் சுற்றியுள்ள வானம் கறுக்கும், புள்ளி அப்படியே நிற்கும். நெபுலாவும் கேலக்ஸியும் அப்படியல்ல. அவற்றின் ஒளி பரந்து கிடப்பதால், பெரிதாக்கினால் வானத்தோடு சேர்ந்து அவையும் மங்கிவிடும். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்து ஆண்ட்ரோமீடா இங்கே அழுக்குத் துடைத்த தடம் மாதிரிதான் தெரியும். அதுவும் வசதியாகத் தெரியும் மாதங்கள் நமக்கு மழை மாதங்கள்! ஒரையன் நெபுலா மட்டும் விதிவிலக்கு, ஜனவரியில் காட்டுகிறேன்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1986 ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. கிழக்கு தாம்பரத்தில் ஓட்டு வீடு, அதனால் பக்கத்து வீட்டு மாடிக்கு அப்பா கூட்டிப் போனார். வால்நட்சத்திரம் ஏமாற்றம்தான், புகை மாதிரி இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் பால்வழி எழுந்து வந்ததைப் பார்த்தேன். இன்று அந்தப் பக்கம் வண்டலூர், கிளாம்பாக்கம் வெளிச்சம். அதை நாம் அணைக்க முடியாது. நம் மாடியில் இருக்கும் நான்கு ஃப்ளட் லைட்டை அணைக்க முடியும்.

இங்கேதான் விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் குழாய் திருடு போன பிறகு அந்த விளக்குகளைப் போட்டோம், கதவையும் பூட்டினோம். பயம் நியாயமானது. சி பிளாக்கில் தனியாக இருக்கும் மாமி, "இருட்டானால் எனக்குத் தூக்கம் வராது" என்றார், அவரிடம் நான் வாதாடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விளக்குகள் பக்கவாட்டில் அடிப்பதால் மாடிக்கு வருபவர் கண்தான் கூசுகிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. அவற்றைத் தரையைப் பார்த்துத் திருப்பி, மேலே மூடி போட்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரியும் சென்சார் வைக்கலாம். படிக்கட்டு விளக்கை யாரும் தொடவேண்டாம். மூடிக்கும் சென்சாருக்கும் ஆகும் செலவை நான் தருகிறேன். கமிட்டி அனுமதி மட்டும் வேண்டும்.

அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம். மே மாத அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை மாடி விளக்குகளை அணைக்க இன்று ஒப்புக்கொள்ளுங்கள். கதவுச் சாவி என்னிடம், செக்யூரிட்டி அண்ணன் நம்முடனேயே இருப்பார். தேதி ஒரு வாரம் முன்னே பின்னே போனால் நான் சொன்ன நேரங்களும் அரை மணி மாறும், வாட்ஸ்அப்பில் தெரிவிக்கிறேன். என் ஆறு இஞ்ச் டெலஸ்கோப் இருக்கிறது, வீட்டில் பைனாகுலர் இருந்தால் எடுத்து வாருங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும், அதனால் மொபைலைக் கீழேயே வைத்துவிடுங்கள். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிக்கொள்ளுங்கள். பாய் கொண்டுவந்தால் நல்லது, தரை சூடாக இருக்கும். மாமிக்கு நாற்காலி நான் போடுகிறேன்.