கிராமில் எழுதப்படும் கணக்கு

வீட்டு வரவு செலவுக்கான கணினி மென்பொருள்கள் ஆண்டுதோறும் வசதிகளைச் சேர்த்துக்கொண்டே வளர்வதால், அதிகம் பயன்படாத பழைய வசதிகளை நீக்கிவிடலாமா என்னும் கேள்வி ஒரு கட்டத்தில் எழுந்தே தீர்கிறது. அக்கேள்வியில் நியாயம் உண்டு. நிரலில் ஓரிடத்தைத் திருத்தினாலும் அதைச் சார்ந்த வசதிகள் அனைத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும். 1998 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் க்னூகேஷ் போன்ற கட்டற்ற மென்பொருளில், அதாவது மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் எவருக்கும் உரிமை தரும் மென்பொருளில், அவ்வேலைக்கு முன்வரும் தன்னார்வலர் சிலரே.

ஆயினும் ‘அதிகம் பயன்படாதது’ என்பது யாருடைய வீட்டில் அளந்து சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின்னர், மாரிக்குப்பத்திலிருந்தும் உரிகத்திலிருந்தும் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கையே பல தமிழ்க் குடும்பங்களுக்கு வாய்த்தது. இத்தகைய குடும்பத்தில் கல்லூரிக் கட்டணமோ மருத்துவச் செலவோ வரும்போது கைகொடுப்பது பெரும்பாலும் நகை அடகே ஆகும்.

மூன்று சவரன் சங்கிலி ஒன்று அடகுக்குப் போகிறது எனக் கொள்ளலாம். சவரன் என்பது எட்டு கிராம்; ஆக இருபத்து நான்கு கிராம். சங்கிலி விற்கப்படவில்லை, ஆகவே அதைச் செலவில் எழுதக் கூடாது. கைக்கு வந்த பணம் கடன், ஆகவே அதை வருமானத்தில் எழுதக் கூடாது. ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரண்டு இடங்களில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில், இருபத்து நான்கு கிராம் ‘வீட்டு நகை’ என்னும் கணக்கிலிருந்து ‘அடகு நகை’க்கு நகர்கிறது, ரூபாய் தனியாகக் கடன் கணக்கில் ஏறுகிறது. பங்குச் சந்தையில் முதலீடு செய்வோருக்கென அமைந்த, பணமல்லாத ஒன்றை அலகாகக் கொண்டு கணக்கெழுதும் வசதி இங்கே நகைக்கு உதவுகிறது. சம்பளமும் கடன் அட்டையும் மட்டும் எழுதும் வீடுகள் இதைத் தொடுவதே இல்லை. மொத்த எண்ணிக்கையில் பார்த்தால், நீக்கத் தக்க வசதிகளின் பட்டியலில் இதுவே முன்வரிசையில் நிற்கக்கூடும். எண்ணிக்கை ஒன்றையே நம்பி இத்தகைய முடிவை எடுப்பது தவறு. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுவது, தேவைப்படும் அந்நாளில் இன்றியமையாததாகிவிடுகிறது.

எதையும் நீக்கக் கூடாது என்பது இதன் பொருளன்று. தொடக்கத் திரையில் குவிந்திருக்கும் பொத்தான்களைப் பட்டியலின் அடிக்குத் தள்ளலாம். பழுதுற்று, திருத்த ஆளின்றிக் கிடக்கும் பகுதியை, போதிய முன்னறிவிப்புடன் எடுத்தும் விடலாம். எழுதும் வசதி போனாலும் எழுதியதைப் படிக்கும் வசதி போகக் கூடாது என்பதே அடிப்படை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ‘மணி’ மென்பொருளின் விற்பனையை 2009 ஜூனில் நிறுத்திய பிறகு, பழைய கோப்புகளைத் தொடர்ந்து திறக்க உதவும் பதிப்பொன்றை 2010இல் இலவசமாகவே வெளியிட்டது. ஒரு மென்பொருளையே கைவிட்டவர்கள் செய்த இதை, ஒரு வசதியைக் கைவிடுவோரும் செய்ய இயலும்.

அடகு வைத்த சங்கிலி வட்டி கட்டப்பட்டும் மறு அடகு வைக்கப்பட்டும் ஆண்டுகள் கழித்தே வீடு திரும்புவதுண்டு. அன்றைக்கு ‘அடகு நகை’யிலிருந்து இருபத்து நான்கு கிராமைக் கழித்து ‘வீட்டு நகை’யில் சேர்க்க வேண்டியவருக்கு, முதற்பதிவை எழுதிய அதே கட்டம் திரையில் இருந்தாக வேண்டும்.