பூட்டாத கதவும் கேட்காத அனுமதியும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பம் செய்கிறோம்.



ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் கல்லூரி மாணவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! பக்கத்து வீட்டாரின் வைஃபைக்குக் கடவுச்சொல் இல்லை. அது எங்கள் வீடு வரை வருகிறது. அதில்தான் பாடம் படிக்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் குறைவதில்லை. இது கூடுமா?" என வினவினார். அவர் கேட்க முன்வந்ததே, உள்ளத்தில் ஓர் உறுத்தல் இருந்ததற்கு அடையாளமாகும்.

குறையாத பொருளை எடுத்தால் குற்றமில்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், பிறருடைய கால்நடையை அனுமதியின்றிக் கறப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். அதன் மடியைப் பிறருடைய உணவுக் களஞ்சியத்திற்கு ஒப்பிட்டுள்ளார்கள். கறந்த பால் மறுநாள் மீண்டும் சுரக்கும். ஆயினும் அனுமதி தேவைப்பட்டது. சுரக்கிற பால்தானே என்று அயலார் ஒருவர் கட்டுத்தரைக்குள் புகுந்து மாட்டைக் கறந்தால், நம் கொங்கு நாட்டு விவசாயி எவரேனும் பொறுப்பாரா? அன்றியும், இணையம் குறையவே குறையாது என்பதும் சரியன்று. பலர் பங்கிட்டால் வேகம் குறையும். அளவுக்குட்பட்ட திட்டமாயின் அளவும் தீரும்.

தண்ணீர் அனைவருக்கும் பொது என்று மார்க்கம் கூறவில்லையா எனச் சிலர் கேட்பர். ஆற்று நீர் பொதுவே. அதனை ஒருவர் குடத்தில் முகந்துவிட்டால், குடத்து நீர் அவருடையது என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் விளக்கம். மாதந்தோறும் கட்டணம் செலுத்திப் பெறும் இணைப்பு குடத்து நீரைப் போன்றதேயாகும். ரயில் நிலையத்தில் பயணிகளுக்கென்றே அமைத்த வைஃபை வேறு. அங்கு அனுமதி அறிவிக்கப்பட்டுள்ளது. கதவு திறந்திருப்பது அனுமதியாகாது. பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கோருமாறும், உள்ளே எவரும் இல்லாவிடினும் அனுமதியின்றி நுழையலாகாது என்றும் அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் போதிக்கின்றன.

சகோதரர்களே! 2008ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் சென்றது. அதன் தடயம், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபையில் போய் முடிந்தது. பூட்டப்படாத அவ்விணைப்பை வேறொருவர் பயன்படுத்தியிருந்தார். அறியாத குற்றத்திற்காக வீட்டுக்காரர் விசாரணைக்கு ஆளானார். 1998ஆம் ஆண்டின் துயரத்தைக் கண்ட நம் கோவை மக்களுக்கு, குற்றமற்றவர் மீது விழும் சந்தேகத்தின் சுமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் சட்டமும் இதனை அனுமதிக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி அவரது கணினி வலையமைப்பில் நுழைவதைத் தவறென்கிறது. நேர்மையற்ற நோக்கத்துடன் அதனைச் செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இணைப்பு வைத்திருப்போருக்கும் கடமையுண்டு. இரவில் கதவுகளை அடைக்கவும் பாத்திரங்களை மூடவும் நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. கடவுச்சொல் இடுவதும் அத்தகைய கவனமே. அதே வேளையில், குழம்பில் நீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. வசதியற்ற மாணவர் கேட்டு வந்தால், பொறுப்புடன் உதவ வழி தேடுவோமாக.

அம்மாணவரிடம், "அண்டை வீட்டாரிடம் உண்மையைக் கூறி, இதுவரை பயன்படுத்தியதற்கு மன்னிப்புக் கேளுங்கள்" என்றோம். "அவர்கள் சகோதர சமயத்தவர், தவறாக எண்ணிவிட்டால்?" எனத் தயங்கினார். "அடியார்களின் உரிமையில் அந்தப் பேதம் இல்லை" என்றோம். மறுநாள் சென்று கேட்டார். தம் இணைப்பு திறந்து கிடந்ததையே அப்பெரியவர் அறிந்திருக்கவில்லை. அன்றிரவே கடவுச்சொல் இட்டார். தேர்வு முடியும் வரை தம் வீட்டு முன்னறையில் அமர்ந்து படிக்குமாறும் அம்மாணவரை அழைத்தார்.

கேளாமல் எடுத்தபோது கிடைத்தது இணையம் மட்டுமே. கேட்டபோது ஓர் அண்டை வீடே கிடைத்தது.

கண்ணுக்குப் புலப்படாத பொருளிலும் பிறர் உரிமையைப் பேணும் நல்லோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.