அசையும் ஓவியக் கல்வியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

(செகிஞ்சான், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும், பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்னும் வினா வீடுதோறும் எழுகின்றது. இக்காலத்தில் சில பிள்ளைகள், "அனிமேஷன் படிக்க விரும்புகிறேன்" என்கின்றனர். "பொம்மைப் படமும் ஒரு படிப்பா?" என்று பெற்றோர் திகைக்கின்றனர். விடியுமுன் எழுந்து மரம் சீவி ஈட்டிய பணத்தை எதில் இடுகிறோம் என்று கேட்பது பெற்றோரின் கடமையே. ஆகவே, அக்கல்வியில் சேரும் மாணவர் எவற்றைக் கற்கிறார், எங்கே இடர்ப்படுகிறார் என்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

நம் நாட்டின் முதல் அசையும் ஓவியக் குறும்படம் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' என்பதாகும். சருகுமானைப் பற்றிய இப்படத்தை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அவர் தகவல் அமைச்சின் கீழ் இருந்த பிலெம் நெகாராவில் அரங்க அமைப்பாளராகப் பணியாற்றியவர். 1978-ஆம் ஆண்டில் உருவான அப்படம் 1983-ஆம் ஆண்டில்தான் ஒளிபரப்பாயிற்று. அக்காலத்தில் இப்பணிக்குக் கணினி துணை இல்லை. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும். ஒரு நிமிடத்திற்கு 1,440. ஓர் ஓவியத்தை இருமுறை படம் பிடித்துச் சிக்கனம் செய்தாலும், நிமிடத்திற்கு 720 ஓவியங்கள் கையால் வரைய வேண்டும். இதனை விளையாட்டு என்று எவரேனும் கூற இயலுமா?

பின்னர்க் கணினி வந்தது. 2005-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லெஸ் கோப்பாக் நிறுவனத்தில், மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் பயின்ற மூன்று இளைஞர்கள் பங்கேற்றனர். அங்கு உருவான 'உப்பின் இப்பின்' 2007-ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் வெளிவந்து, நாடு கடந்தும் புகழ் பெற்றது. கம்பத்து வீடும், முத்து அங்கிளின் உணவுக் கடையுமே அதன் களம். அயல்நாட்டு மாளிகைகளைக் காட்டி அது வெற்றி பெறவில்லை என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

இனி, மாணவரின் பயிற்சியைக் காண்போம். அவர் முதலில் எதிர்கொள்வது மென்பொருள். திரை முழுவதும் பொத்தான்கள். எதை அழுத்தினால் எது நிகழும் என்று தெரியாது. முதல் சில வாரங்கள் திகைப்பிலேயே கழியும். ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மாணவர் அமைத்தால், இடைப்பட்ட படங்களைக் கணினியே நிரப்பித் தரும். ஆனால், அதனை அப்படியே விட்டுவிட்டால், உருவம் எடையின்றி மிதப்பதுபோல் தோன்றும். எங்கே விரைவு, எங்கே தயக்கம் என்பதை மாணவரே திருத்தி அமைக்க வேண்டும்.

அதற்குக் கூர்ந்து பார்த்த கண் வேண்டும். வெறும் வாளியைத் தூக்கிச் செல்பவரும், பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்து வருபவரும் ஒரே வகையில் நடப்பதில்லை. பாரம் ஏறியதும் தோள் தாழ்கிறது, அடி குறுகுகிறது, பால் சிந்தாதிருக்க உடல் தன்னைத் தானே நிதானித்துக் கொள்கிறது. மரப்பட்டையில் உளி ஓடும் வகையும், மங்கில் பால் சொட்டும் வகையும் அத்தகையனவே. அவற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளை, பிறர் கற்க வேண்டிய ஒன்றை முன்னரே பெற்றுவிட்டது.

அடுத்தது திரைக்கதை. மென்பொருளை வென்ற மாணவர் பலர் இங்கே தடுமாறுகின்றனர். "தாய் மிகவும் வருந்தினாள்" என்று எழுதினால், அதனை எவ்வாறு வரைவது? கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதுமே திரைக்கதையில் இடம்பெற வேண்டும். மழை பெய்கிறது. அன்று வெட்டு இல்லை. தாய் வெறும் வாளியோடு வீடு திரும்பி, அதனை வாசலில் கவிழ்த்து வைக்கிறாள். உள்ளே பிள்ளை கிழிந்த காலணியைத் தைத்துக்கொண்டிருக்கிறது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. கூலி இல்லா நாளின் துயர் இதில் விளங்குகிறதல்லவா? இவ்வாறு எழுதிய கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து பார்த்த பின்னரே கணினி வேலை தொடங்கும். கதை பழுதாயின், பல மாத உழைப்பும் வீணாகும்.

இதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்றுண்டு. லாட்வியா என்னும் சிறு நாட்டின் இயக்குநர் கிண்ட்ஸ் சில்பலோடிஸ் உருவாக்கிய 'ஃப்ளோ' என்னும் படம், 2025-ஆம் ஆண்டில் சிறந்த அசையும் ஓவியத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை அது. அதில் உரையாடலே இல்லை. அதனை உருவாக்கப் பயன்பட்ட பிளெண்டர் என்னும் மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். அவர்கள் கையிலிருந்த கருவி நம் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்தில் உள்ளது.

பெற்றோருக்குச் சில கூறுவோம். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்திற்கு ஒன்றாக 24 படங்கள் வரைந்து புரட்டிக் காட்டும்படி பிள்ளையிடம் கூறுங்கள். பொறுமையோடு முடித்தால், ஆர்வம் மெய்யானது. அடுத்து, பிளெண்டரைச் சில மாதம் பழகட்டும். அதன் பின்னரே கல்லூரியைத் தேடுங்கள். படிப்பு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டறியாமல் முன்பணம் செலுத்தாதீர்கள். பி.டி.பி.டி.என். கடன் பெற்றால், அது திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் என்பதையும் மறவாதீர்கள். இத்தொழிலில் இரவு பகலாக உழைக்கும் நாட்கள் உண்டு. படித்தவர் அனைவர்க்கும் உடனே வேலை கிட்டும் என்ற உறுதியும் இல்லை. இதனைப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசுங்கள்.

இளைஞர்களே! பால்மரக் காடுகளாய் இருந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களமும், லயத்து வாசலும், விடியற்கால விளக்கொளியும் கண்டவர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றை அசைவோடும் ஒலியோடும் அடுத்த தலைமுறைக்குக் காட்டும் கலை உங்களை அழைக்கின்றது. மென்பொருள் ஆண்டுதோறும் மாறும், புதியதைக் கற்றுக்கொள்ளலாம். உங்கள் பாட்டியிடம் உள்ள கதையை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.