அவங்கவங்க வலிக்கு அவங்கவங்க பயிற்சி
(தாமல் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசுறோம். இடுப்பு வலியைப் பத்தி மட்டும் யாரும் வாய் திறக்கறதில்லை. நாங்களும் அப்படித்தான் தைலம் தேய்ச்சுக்கிட்டு மறுநாள் தறியில உட்கார்ந்தோம்.

குழித்தறியில காலைக் குழிக்குள்ள விட்டு மிதிக்கணும், முன்னால சாய்ஞ்சு நாடா ஓட்டணும். நடவுக்குப் போறவங்க குனியறது வேற மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி சரியா வருமா? எங்க குழுவுல முட்டி வலியுள்ள ஒரு அக்கா, பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பார்த்துத் தோப்புக்கரணம் போட்டாங்க. முட்டி வீங்கினதுதான் மிச்சம்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. வீடு தேடி வர்ற தன்னார்வலர்கள் நம்மைப் போலக் குழுக்களிலிருந்து போன பெண்கள்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கினதும் அனுப்பிடாதீங்க. எங்க வலிக்குது, எத்தனை மணி நேரம் தறியில உட்காரறீங்க, எல்லாம் சொல்லுங்க. இயன்முறை சிகிச்சையாளர் பார்த்து உங்களுக்கு ஏத்ததைச் சொல்வார்.

அந்த அக்காவுக்குச் சொன்னது இவ்வளவுதான்: நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, ஐந்து எண்ணி இறக்கணும். தொடைச் சதை பலமானா முட்டிக்குப் பாரம் குறையும். இப்போ ஏரிக்கரை வரைக்கும் நடக்கறாங்க.

தறிக்காரங்க அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நில்லுங்க. கூலி போகுமேன்னு தோணும், எங்களுக்கும் தோணிச்சு.

வலியோட கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் அடக்க முடியலைன்னாலோ பயிற்சி வேண்டாம். அன்னிக்கே அரசு மருத்துவமனைக்குப் போகணும்.

அடுத்த கூட்டத்துக்கு அவங்கவங்க வலியை எழுதிக் கொண்டு வாங்க. எழுத வராதவங்களுக்கு நாங்க எழுதித் தர்றோம்.