பதக்கத்தின் விளிம்பையும் படிப்போம்

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஐயங்கார்குளத்தில் எட்டாம் வகுப்புக்கு மைசூர்ப் போர்களை நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் பழைய பொருள் ஏதேனும் இருந்தால், பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவன் துணியில் பொதிந்து ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்தான். அவன் தாத்தா 16ஆவது லைட் கேவல்ரியில் பணியாற்றியவர்.

"சண்டையில ஜெயிச்சதுக்குக் கொடுத்தது சார்" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். அது விடுதலையின் 25ஆம் ஆண்டு நிறைவுப் பதக்கம். "இது வீரத்துக்கு இல்லப்பா. 1972 ஆகஸ்ட் 15 அன்னிக்குப் பட்டாளத்துல இருந்த எல்லாருக்கும் கொடுத்தது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் பேசாமல் துணியை மடித்துக்கொண்டான்.

நான் சொன்னது உண்மை. ஆனால் பாதி உண்மை.

அன்றிரவு அந்தப் படைப்பிரிவின் வரலாற்றைப் புரட்டினேன். ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையில் பிறந்து, 1776ஐத் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் பிரிவு அது. 2026இல் 250 ஆண்டு. இன்று குதிரைக்குப் பதில் டாங்கி. அதன் போர்ச் சிறப்புகளின் பட்டியலில் 'சோளிங்கர்' இருக்கிறது. 1781இல் ஹைதர் அலியைக் கம்பெனிப் படை எதிர்கொண்ட களம், நம் பக்கத்துச் சோளிங்கர்தான்!

அதற்கு முந்தைய ஆண்டு, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கம்பெனிப் படை தோற்றது. அந்த வெற்றியைத் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாக்கினார். 1799இல் அதே ஊரைப் பிடித்த கம்பெனி, புலியைச் சிங்கம் வீழ்த்துவதுபோலப் பதக்கம் அடித்துத் தன் படையினருக்குக் கொடுத்தது. புலி, திப்புவின் சின்னம். வென்றவர் எவரோ, அவரவர் நினைவுச் சின்னத்தில் அவரவர் கதை.

மறுநாள் இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். "அப்போ நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்க எந்தப் பக்கம் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இரண்டு பக்கமும் தென்னாட்டுக்காரர்கள் இருந்தார்கள்" என்றேன். வகுப்பு அமைதியானது.

பிறகு அந்த மாணவனை அழைத்து, பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பதக்கத்தின் விளிம்பைப் படிக்கச் சொன்னேன். எண், பதவி, பெயர். எழுத்துக்கூட்டிப் படித்தவன், "தாத்தா பேரு சார்!" என்று கத்தினான்.

"எல்லாருக்கும் கொடுத்ததுதான். ஆனா உங்க தாத்தா பேரு பொறிச்சது இது ஒண்ணுதான். நேத்து இதை நான் பார்க்காம பேசிட்டேன்" என்றேன், எல்லோர் முன்பாகவும்.

ஆசிரிய நண்பர்களே, பதக்கமோ நாணயமோ வகுப்புக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேட்கச் செய்யுங்கள்: யார் வெளியிட்டது? எதற்காக? இதில் யாருடைய கதை இல்லை? புளி போட்டுத் துலக்க விடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். அன்று மாலையே பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாலாவதாக ஒன்று, நமக்கு: பிள்ளையைத் திருத்துமுன், அவன் கொண்டுவந்ததை முழுவதும் திருப்பிப் பாருங்கள்.