பால்மரக் காட்டிலிருந்து இம்பால் வரை

ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு தோட்டங்களிலிருந்து இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கிற தொழிலாளத் தோழர்களே!

சுதந்திரப் போர் என்றதும் பாளையக்காரர்களும் வக்கீல்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். நான் பேச வந்தது, உங்களைப் போல விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற ஜனங்களைப் பற்றி. மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து கங்காணி பேச்சை நம்பி மலாயாவுக்குக் கப்பலேறி, ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் அவர்கள்.

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வை என்றார்கள். அதோடு, தோட்டத்துத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். தோழர்களே, தன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போக ஒரு மனிதன் போராட வேண்டியிருந்தது! வெள்ளை அரசாங்கம் பட்டாளத்தை இறக்கிச் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். சைக்கிளை விட்டு இறங்க மறுத்த அந்த ஜனம் அவர் தலைமையேற்ற இந்திய தேசிய ராணுவத்தில் திரண்டு சேர்ந்தது. கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்திய பெண்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழச்சிகள். இந்தியாவைக் கண்ணால் கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் பலர்!

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே காலத்தில், மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் நம் ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அதற்குத் தப்பவே படையில் சேர்ந்தவர்களும் உண்டு. அதனால் அவர்கள் தியாகம் குறைந்துவிடுமா? 1944-இல் இம்பால் போர்முனையில், கொட்டுகிற மழையில், மலேரியாவோடும் ஒட்டிய வயிற்றோடும் நின்றவர்களில் அவர்களும் இருந்தார்களே!

தில்லி செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட அந்த ராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் பெயர்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். பால்மரம் வெட்டிய சிப்பாயின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் மலாயாவுக்குப் போய்வந்த குடும்பங்கள் இருந்தால், தாத்தா பாட்டி பெயரைச் சொல்லுங்கள். பழைய போட்டோ, கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள். மேடைக்குப் பக்கத்து மேசையில் நோட்டு இருக்கிறது. பெயர் மறந்துபோயிருந்தால், எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்கள் என்றாவது எழுதிவிட்டுப் போங்கள்.